செத்தவர் கையெழுத்து

நம் ஊரில் இறந்துபோனவர்கள் சும்மா இருப்பதில்லை. தேர்தல் வந்தால் ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். ரேஷன் கடையில் சர்க்கரை வாங்குவார்கள். இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த பழைய ஜோக். மூன்றாவதாக அவர்கள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் வண்டி விற்கிறார்கள்.

கருமாதி முடிந்து ஒரு மாதமோ, ஒரு வருஷமோ கழித்து, ‘இந்த வாகனத்தை இன்னாருக்கு விற்றுவிட்டேன்’ என்று ஃபாரம் 29-லும் ஃபாரம் 30-லும் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். கையெழுத்து மட்டும் போதாது, ஆன்லைனில் ஓ.டி.பி. வேண்டும் என்றால் அதையும் சொல்கிறார்கள். அவர்கள் செல்போன்தான் வீட்டில் இன்னும் சார்ஜில் இருக்கிறதே!

சிரிக்கிற விஷயமில்லை இது. இந்தக் கையெழுத்தைப் போடுவது கிரிமினல்கள் அல்ல. வாழ்க்கையில் ஒரு பொய்ச் சான்றிதழ்கூட வாங்கியிராத குடும்பங்கள். பேங்க்கில் வேலை பார்த்தவரின் மனைவி. பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். அப்பாவின் ஸ்கூட்டரைத் தங்கள் பெயருக்கு மாற்றவோ, விற்கவோ போனவர்கள். போன இடத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் இலவச ஆலோசனை இதுதான்:

“அம்மா, அவர் இறந்துட்டார்னு சொல்லவே சொல்லாதீங்க. சொன்னா வேலை இழுத்துக்கிட்டே போகும். அவர் கையெழுத்து மாதிரி ஒண்ணு போட்டுக் கொடுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்.”

ஆபீஸ் வாசலில் புளியமரத்தடியில் நிற்கும் புரோக்கர் சொல்கிற இந்த வாசகத்தை நீங்களும் ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டிருப்பீர்கள். அவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர் இரண்டு வழிகளையும் பார்த்தவர். உண்மையைச் சொன்னால் எத்தனை நடை, பொய்யைச் சொன்னால் எத்தனை நடை என்று அவருக்கு அத்துப்படி. உண்மையைவிடப் பொய் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் ஜனங்கள் எதை வாங்குவார்கள்?

அப்படியானால் சட்டம் அவ்வளவு கொடுமையானதா என்று கேட்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. சட்டம் ரொம்ப எளிமையானது. மனிதாபிமானம் உள்ள யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியதுபோல் இருக்கிறது.

1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவும், 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56-வது விதியும் இதைப் பற்றிப் பேசுகின்றன. வண்டியின் சொந்தக்காரர் இறந்துவிட்டால், அந்த வண்டி யார் கைவசம் வருகிறதோ அவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ‘இன்னார் இறந்துவிட்டார், வண்டியை இனி நான் பயன்படுத்தப் போகிறேன்.’ அவ்வளவுதான். அப்படிச் சொல்லிவிட்டால், 3 மாதம்வரை அந்த வண்டியைத் தன் பெயருக்கு மாறிவிட்டதுபோலவே ஓட்டலாம். அந்த 3 மாதத்துக்குள் ஃபாரம் 31-ல் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கூட என்ன வைக்க வேண்டும்? உரிய கட்டணம், இறப்புச் சான்றிதழ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ். விதியின் பட்டியல் இந்த நான்கோடு முடிந்துவிடுகிறது.

இதில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். விதி ‘வாரிசு’ என்று சொல்லவில்லை. ‘வண்டியைக் கைவசம் பெறுகிறவர்’ என்கிறது. கை தவறி எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. காரணம் உண்டு. ஆர்.சி. என்பது நிலத்துக்குப் பட்டா மாதிரி அல்ல. சொத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்ப்புச் சொல்லும் பத்திரமும் அல்ல. ரோட்டில் ஓடுகிற ஒரு இயந்திரத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்கிற காகிதம் அது. அப்பாவின் நிலம் ஐந்து வருஷம் அவர் பெயரிலேயே கிடந்தால் அது யார் மேலும் போய் மோதாது. அப்பாவின் பைக் மோதும். அதனால்தான் விதி அவசரப்படுத்துகிறது. ‘பங்கு பாகப்பிரிவினையை அப்புறம் நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இப்போது இந்த வண்டிக்கு யார் ஜவாப்தாரி, அதை முதலில் சொல்லுங்கள்’ என்பதுதான் அதன் தொனி.

கவுன்ட்டருக்குப் போங்கள். அங்கே தொனி வேறு.

“வாரிசு சான்றிதழ் எங்கே?”

சரி, அதையாவது ஒப்புக்கொள்ளலாம். வந்து நிற்பவர் உண்மையிலேயே அந்தக் குடும்பத்து ஆள்தானா என்று தெரிய வேண்டும் என்கிறார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ. விசாரித்து, ஆர்.ஐ. விசாரித்து, தாசில்தார் கையெழுத்தாகி வருவதற்குள் எத்தனை வாரம் ஆகும் என்பது அந்தந்தத் தாலுகாவின் தலையெழுத்து. வந்த பிறகு அடுத்த கேள்வி.

“இதுல அஞ்சு பேர் இருக்காங்களே, மத்த நாலு பேர் ஆட்சேபணை இல்லைனு எழுதிக் கொடுத்தாங்களா? நோட்டரி வாங்கினீங்களா? எல்லாரும் நேர்ல வருவாங்களா?”

அந்த நாலு பேர் யார்? 1956-ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆக, எண்பது வயசுப் பாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வர வேண்டும். துபாயில் இருக்கும் பிள்ளை அங்கிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கட்டிக் கொடுத்த பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாலும் ஆஸ்பத்திரியிலிருந்து கையெழுத்து வர வேண்டும். எதற்காக? பழைய விலைக்குப் போட்டால் பதினைந்தாயிரம் தேறாத ஒரு மொபெட்டுக்காக.

சில இடங்களில் இதற்கும் மேலே போய், “கோர்ட்டுல சக்ஸஷன் சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துடுங்களேன்” என்கிறார்கள். சொல்கிறவருக்கு ஒரு வாக்கியம். கேட்கிறவருக்கு ஒரு வக்கீல். 1925-ம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம் அந்தச் சான்றிதழை எதற்காக உருவாக்கியது? இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களையும், பங்குப் பத்திரம் போன்றவற்றையும் வசூலிப்பதற்காக. டி.வி.எஸ். ஃபிஃப்டிக்காக அல்ல.

இப்போது நாள் கணக்கைப் பாருங்கள். மரணத்தைப் பதிவு செய்யவே சட்டம் 21 நாள் கொடுத்திருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை யாரும் எந்த ஆபீஸுக்கும் போகிற நிலையில் இருக்க மாட்டார்கள். பிறகு இறப்புச் சான்றிதழில் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கும். ஆர்.சி.யில் ‘எஸ்.ராமசாமி’, ஆதாரில் ‘ராமசாமி சுப்பையா’, சான்றிதழில் ‘ராமஸ்வாமி’. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு அஃபிடவிட். அதற்குப் பிறகு வாரிசு சான்றிதழ். அதற்குப் பிறகு ஆட்சேபணையின்மைக் கடிதங்கள். வண்டி லோனில் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியிடமிருந்து கடிதம். விதி கொடுத்த 3 மாதம் எப்போது ஓட ஆரம்பித்தது? மூச்சு நின்ற அன்றைக்கு. ஆபீஸ் கேட்கும் காகிதம் எப்போது கைக்கு வந்தது? மூன்று மாதம் முடிந்த பிறகு. ‘ஏன் லேட்டு?’ என்று கேள்வியும் அதே கவுன்ட்டரிலிருந்து வரும்.

அரசாங்கத்தின் ஒரு கை கெடு வைக்கிறது. இன்னொரு கை காகிதத்தைத் தர மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்கிறவர் தாலியைக் கழற்றி இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண்.

“ஏன் சார், இவ்வளவும் கேட்காவிட்டால் ஒரு அண்ணன் மற்ற தம்பி தங்கைகளை ஏமாற்றி வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள மாட்டானா?” என்று ஆபீஸில் இருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு கோடி ரூபாய் சொகுசுக் கார், பத்து லாரி வைத்திருந்த டிரான்ஸ்போர்ட் முதலாளியின் வாரிசுச் சண்டை, இங்கெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். யாராவது எழுத்தில் ஆட்சேபணை கொடுத்திருந்தால் நிறுத்தி வைக்கட்டும். ஆனால் யாருமே சண்டை போடாத வீட்டில், சண்டை வரலாம் என்ற சந்தேகத்துக்காக எல்லோரையும் அலைய விடுவது என்ன நியாயம்? ஆர்.சி.யில் பெயர் மாறியதாலேயே தங்கையின் பங்கு ஒன்றும் ஆவியாகிவிடப் போவதில்லை. அவளுக்கு சிவில் கோர்ட் இருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்கிறேன். இத்தனை கெடுபிடியால் ஏமாற்றுகிறவன் மாட்டுகிறானா? அவன் ஏன் ஃபாரம் 31 பக்கம் வரப் போகிறான்? அவன் முதல் நாளே ஃபாரம் 29, 30-ல் அப்பா கையெழுத்தைப் போட்டு வேலையை முடித்துவிடுவான். தங்கைக்குத் தெரியவே தெரியாது. ஆக, இந்தக் கெடுபிடி எல்லாம் யாரை வடிகட்டுகிறது? ‘அப்பா இறந்துட்டார் சார்’ என்று உண்மையைச் சொல்லிக்கொண்டு வருகிறவனை மட்டும்.

செத்தவர் பெயரில் கையெழுத்துப் போடுவது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இதற்குத் தனியாக ஒரு விளக்கம் இருந்தது. இறந்துபோன ஒருவர் உயிரோடு இருந்தபோது எழுதியதாகப் பிறர் நம்ப வேண்டும் என்று அவர் பெயரில் ஒரு ஆவணம் தயாரித்தால் அதுவும் ஃபோர்ஜரி ஆகலாம். 2024 ஜூலை 1-ம் தேதி முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விளக்கம் அப்படியே இருக்கிறது. சிறைத் தண்டனைக்குரிய குற்றம். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார். மாட்டினால் அவர் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் இருக்காது. உங்கள் கையெழுத்துதான் இருக்கும், உங்கள் அப்பா பெயரில்.

இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்று இன்னொரு பெரிய கூட்டம் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறது. பொய்யும் சொல்வதில்லை, உண்மையும் சொல்வதில்லை. வண்டியைச் சும்மா ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தெருவில் காலையில் பிள்ளைகளை ஸ்கூலில் விடப் போகும் ஸ்கூட்டர்களைப் பாருங்கள். அதில் எத்தனை வண்டிக்குச் சொந்தக்காரர் மாலை போட்ட போட்டோவில் இருக்கிறார் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ‘என் வீட்டு வண்டி, நான் ஓட்டறேன், யாருக்கு என்ன?’ என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முதலில் இன்ஷூரன்ஸ். உங்கள் பாலிசியைப் படித்திருக்கிறீர்களா? நாம் யாரும் படிப்பதில்லை. பாலிசிதாரர் இறந்துவிட்டால் பாலிசி உடனே செத்துவிடாது, இறந்த தேதியிலிருந்து 3 மாதமோ அல்லது பாலிசி முடியும் தேதியோ, எது முதலில் வருகிறதோ அதுவரை உயிரோடு இருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் புதிதாகப் பாலிசி எடுக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? அடுத்த வருஷம் செல்போனில் ‘உங்கள் பாலிசி முடிகிறது’ என்று மெசேஜ் வந்ததும் அப்பா பெயரிலேயே பணம் கட்டிப் புதுப்பிக்கிறோம். கம்பெனியும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறது. பிரீமியம் வாங்கும்போது கம்பெனிக்கு யார் உயிரோடு இருக்கிறார் என்ற கவலை கிடையாது. கிளெய்ம் வரும்போதுதான் அந்தக் கவலை வரும். ‘இறந்தவரோடு நாங்கள் எப்படி ஒப்பந்தம் போட்டிருக்க முடியும்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பிடியை நாமே அவர்கள் கையில் கொடுத்திருக்கிறோம்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பிரீமியத்தில் ‘உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு’ என்று ஒரு தொகை சேர்ந்து வரும். 2018-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இதன் தொகையை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. வண்டி ஓட்டும்போது உயிர் போனால் குடும்பத்துக்குப் பதினைந்து லட்சம். நல்ல விஷயம். ஆனால் அதன் நிபந்தனை என்ன? வண்டியை ஓட்டியவர்தான் ஆர்.சி.யில் உள்ள உரிமையாளராக இருக்க வேண்டும், பாலிசியும் அவர் பெயரில் இருக்க வேண்டும், செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். அப்பா இறந்து, அவர் பைக்கை ஓட்டும் மகனுக்கு இந்த நிபந்தனைகளில் முதல் இரண்டும் கிடையாது. வருஷா வருஷம் யாருடைய உயிருக்கு அந்தக் குடும்பம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது? ஏற்கெனவே போய்விட்ட உயிருக்கு. ஓட்டிக்கொண்டிருக்கும் உயிருக்கு ஒரு பைசா பாதுகாப்பு இல்லை.

அடுத்து, அந்த வண்டி யார் மேலாவது மோதினால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் அகராதியில் ‘உரிமையாளர்’ என்றால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர். 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒருவர் 2007-ல் காரை விற்றுவிட்டார். அது இன்னொருவரிடம் போய், அவரிடமிருந்து மற்றொருவரிடம் போய்க் கைமாறிக்கொண்டே இருந்தது. ஆர்.சி.யில் மட்டும் யாரும் பெயரை மாற்றவில்லை. 2009-ல் விபத்து. நஷ்ட ஈட்டுக்கு யார் பொறுப்பு? எப்போதோ விற்றுவிட்டேன் என்றவர்தான் என்று தீர்ப்பானது, ஏனென்றால் ஆர்.சி.யில் இருந்தது அவர் பெயர். வண்டி கைமாறிய சங்கிலியின் பின்னால் போய் உண்மையான முதலாளியைத் தேடும் வேலையை, அடிபட்டவன் தலையில் கட்டக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

அந்த நியாயம் சரி. இப்போது அதை நம் ஊர் ஸ்கூட்டருக்குப் பொருத்திப் பாருங்கள். அடிபட்டுக் கால் ஒடிந்து கிடப்பவர் ஒரு கட்டடத் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போட நம்பர் பிளேட்டை வைத்து உரிமையாளரைத் தேடுகிறார். பெயர் கிடைக்கிறது. முகவரி கிடைக்கிறது. ஆள் செத்து நாலு வருஷம். பாலிசி செத்தவர் பெயரில். ஓட்டிய பையன் ‘வண்டி எனது அல்ல’ என்கிறான். அடுத்து யார்மேல் வழக்கு? வாரிசுகள் யார் யார் என்று தேடி, அவர்களைச் சேர்த்து, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆட்சேபணைக்குப் பதில் சொல்லி... வருஷங்கள் ஓடும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு குடும்பம் அலைய மறுத்ததன் விலையை, சம்பந்தமே இல்லாத இன்னொரு குடும்பம் கட்டுகிறது. நான் இந்த விஷயத்தில் கோபப்படுவதற்கு முதல் காரணம் இதுதான். இது வெறும் காகிதப் பிரச்னை என்றால் நான் இந்தப் பக்கத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. அரசாங்கமே ஒரு வழி திறந்தது, திறந்ததை யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டது. 2021-ல் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, பேங்க் கணக்குக்கு இருப்பதுபோல வண்டிக்கும் நாமினி போடலாம் என்று கொண்டுவந்தது. வண்டியைப் பதிவு செய்யும்போதே போடலாம். பழைய வண்டிக்குப் பிறகும் சேர்க்கலாம். சொந்தக்காரர் இறந்துவிட்டால் நாமினி இறப்புச் சான்றிதழை இணையதளத்தில் ஏற்றி, தன் பெயருக்கு ஆர்.சி. கேட்கலாம். இவ்வளவு நல்ல விஷயம் உங்களுக்குத் தெரியுமா? கடைசியாக வண்டி வாங்கியபோது ஷோரூமில் யாராவது உங்களிடம் ‘நாமினி யார் சார்?’ என்று கேட்டார்களா? சீட் கவர் வேண்டுமா, எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டுமா என்று நாலு தடவை கேட்டிருப்பார்கள்.

(ஒரு எச்சரிக்கை. நாமினி என்றால் முழுச் சொந்தக்காரர் என்று அர்த்தமில்லை. ஆயுள் காப்பீட்டு விஷயத்தில் 1984-லும், பங்குகள் விஷயத்தில் 2023-லும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாமினி பெற்றுக்கொள்கிறவர், பங்கு வாரிசுகளுக்கு. வண்டி விஷயத்திலும் அதே நினைப்போடு இருப்பது குடும்பத்துக்கு நல்லது.)

ஆகவே, போக்குவரத்துத் துறைக்குச் சில கோரிக்கைகள். பெரிய சீர்திருத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஒன்று: நாமினி கட்டத்தை நிரப்பாமல் புது வண்டிக்குப் பதிவு இல்லை என்று ஆக்குங்கள். வேண்டாம் என்கிறவர் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கேட்காமலே காலியாக விடும் வழக்கம் ஒழியட்டும்.

இரண்டு: 56-வது விதி என்ன கேட்கிறது என்பதை எல்லா ஆபீஸ் வாசலிலும் தமிழில் பெரிய போர்டாக எழுதி வையுங்கள். அதற்கு மேல் ஒரு காகிதம் கேட்கும் அலுவலர், எந்த விதியின் கீழ், எந்த அரசாணையின் கீழ் கேட்கிறார் என்று எழுத்தில் கொடுக்கட்டும். வாயால் கேட்கிற காகிதங்கள் பாதி அன்றைக்கே குறைந்துவிடும்.

மூன்று: வாரிசு சான்றிதழ் வேண்டும் என்றால், 3 மாதக் கெடுவை அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

நான்கு: இறப்பைப் பதிவு செய்வதும் நீங்கள், வண்டியைப் பதிவு செய்வதும் நீங்கள். ஒரு ஜன்னலில் நீங்களே கொடுத்த சான்றிதழை இன்னொரு ஜன்னலில் நீங்களே சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது என்ன நாடகம்? 2023-ல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், இந்தத் தகவல்களை வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு போன்ற பதிவேடுகளோடு பகிர்ந்துகொள்ள இடம் கொடுக்கிறது. வேறு தேசியப் பதிவேடுகளையும் அறிவித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. ‘வாஹன்’ பதிவேட்டைச் சேருங்கள். ஒருவர் இறந்தது பதிவானதும், அவர் பெயரில் உள்ள வண்டிகளைப் பற்றி அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் போகட்டும். ‘உங்கள் துயரத்துக்கு வருந்துகிறோம். இந்த வண்டியை யார் பயன்படுத்தப் போகிறீர்கள்? இன்ன காகிதங்களோடு இன்ன தேதிக்குள் வாருங்கள்.’ அபராத சலானை மட்டும் வீடு தேடிச் சரியாக அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமா?

இனி, வாசகர்களாகிய உங்களோடு ஒரு வார்த்தை. எல்லாப் பழியையும் ஆபீஸ் மேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் வீடுகளில் வண்டிக் காகிதம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். பீரோவில் எந்தத் தட்டு, எந்த ஃபைல், லோன் அடைத்த பிறகு ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் கம்பெனி பெயரை எடுத்தாயிற்றா, எல்லாம் அவர் தலைக்குள். ‘உனக்கு எதுக்கு இதெல்லாம்?’ என்று மனைவியிடமிருந்து காலமெல்லாம் மறைத்து வைத்துவிட்டு, ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார். ஆபீஸ் வாசலில் நிற்கும் அந்த அம்மாவுக்கு ஃபாரம் நம்பர் தெரியாதது அவர் குற்றமா?

வீட்டில் துக்கம் நடந்திருந்தால், முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம். நாலு வரி போதும். ஸ்பீடு போஸ்ட்டில் போட்டு, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு ‘ஏன் லேட்டு?’ என்று கேட்டால் நீங்கள் முதல் மாதமே சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அதேபோல் ஒன்று. இறந்தவர் செல்போன் நம்பரைப் பெயர் மாறும்வரை அணைக்காதீர்கள், ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். பாலிசி மாறாத வண்டியை, மூன்று மாதத்துக்கு மேல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். ‘கையெழுத்து மாதிரி ஒண்ணு’ என்று யாராவது சொன்னால், ‘ஃபாரம் 31 கொடுங்க’ என்று சொல்லுங்கள். கேட்கிறவர்கள் நாலு பேராவது இருந்தால்தான் அந்த ஃபாரம் கவுன்ட்டரில் கிடைக்கும்.

வீட்டில் துக்கம் எதுவும் நடக்கவில்லையா? ரொம்ப சந்தோஷம். அப்படியானால் இன்றைக்கே உங்கள் வண்டிக்கு நாமினி போடுங்கள். காகிதம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அபசகுனம் என்று அம்மா திட்டினால் திட்டட்டும்.

அப்படியே வாசலில் நிற்கும் மற்ற வண்டிகளின் ஆர்.சி.யையும் எடுத்துப் பாருங்கள். பெயர் இருக்கும் இடத்தில் யார் பெயர் இருக்கிறது? அவர் உயிரோடு இருக்கிறாரா?